தமிழ்நாட்டில் பள்ளி அறிவியல் பாடத்திட்டமும் பொதுத்தேர்வும்

தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் அறிவியல் பாடநூல்கள் 2010 முதல் 2020 வரையிலான காலத்தில் இருமுறை பெரிய மாற்றம் கண்டன. முதல் மாற்றம் சமச்சீர்க் கல்வியின் வழியே ஒன்று முதல் பத்தாம் வகுப்பு வரை நிகழ்ந்தது. 2017இல் தொடங்கிய இரண்டாவது மாற்றம் மேல்நிலை வகுப்புகளையும் உள்ளடக்கியது. இரண்டிலும் பாடநூலும் தேர்வும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் மாறவில்லை. வகுப்பறையில் எது நடத்தப்படும், எது விடப்படும் என்பதைப் பெரும்பாலும் தேர்வே தீர்மானித்தது.

பின்னணி

கல்லூரிகளில் இருந்த புகுமுக வகுப்புக்கு மாற்றாக 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டது. பதினோராம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் சேர்ந்த ஈராண்டுப் படிப்பு இது. ஆனால் பொதுத்தேர்வு இரண்டாம் ஆண்டின் இறுதியில், பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களில் மட்டுமே நடந்தது. பதினோராம் வகுப்புத் தேர்வைப் பள்ளி அளவிலேயே முடித்துக்கொண்டனர்.

தொழிற்கல்விச் சேர்க்கைக்கு மாநில அரசு நடத்திவந்த நுழைவுத் தேர்வு, 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டு, 2007-08 சேர்க்கையிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படையானது. பயிற்சி மையங்களுக்குச் செல்ல வசதியில்லாத கிராமப்புற மாணவர்களுக்கு இது வாய்ப்பைத் திறந்தது. அதே வேளையில், ஒரே ஆண்டின் மதிப்பெண்ணுக்கு இருந்த மதிப்பு மேலும் உயர்ந்தது. பொறியியலுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கிடப்பட்ட ‘கட்-ஆஃப்’ மதிப்பெண், குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் இடம்பெற்றது.

இதன் விளைவு பதினோராம் வகுப்பில் தெரிந்தது. பல பள்ளிகள், குறிப்பாகத் தேர்ச்சி விகிதத்தையும் மாநில இடங்களையும் விளம்பரப்படுத்திய தனியார் பள்ளிகள், பதினோராம் வகுப்புப் பாடங்களை விரைவாக முடித்தோ அறவே விட்டோ, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை ஓராண்டு முன்னதாகவே தொடங்கின. இயக்கவியல், நியூட்டனின் விதிகள், வெப்ப இயக்கவியல், வேதியியலின் மோல் கருத்து ஆகியவை பதினோராம் வகுப்பில் வருபவை. மோல் கருத்து புரியாத மாணவர் மின்வேதியியல் கணக்கைச் சூத்திரமாக மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறலாம். அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று அவரால் சொல்ல இயலாது. அவர் பொறியியல் கல்லூரியின் முதலாண்டுக்குள் நுழையும்போது இந்தக் குறை வெளிப்பட்டது.

வினாத்தாளின் அமைப்பும் மனப்பாடத்துக்கே துணை நின்றது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்கு வினா வரும் என்பதை ‘புளூபிரிண்ட்’ முன்கூட்டியே காட்டியது. அதைக் கொண்டு சில பாடங்களை முழுவதுமாகத் தவிர்த்துவிட்டே முழு மதிப்பெண்ணுக்குத் திட்டமிட முடிந்தது. ஒரு மதிப்பெண் வினாக்கள் பெரும்பாலும் பாடத்தின் இறுதியில் உள்ள பயிற்சி வினாக்களிலிருந்தே வந்ததால், பாடத்தின் உட்பகுதியைப் படிக்கும் தேவை குறைந்தது.

சமச்சீர்க் கல்வி

மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வகைப் பாடத்திட்டங்கள் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருந்தன. இவற்றை ஒன்றிணைப்பது குறித்து ஆராய ச. முத்துக்குமரன் தலைமையில் 2006இல் குழு அமைக்கப்பட்டது. 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் இயற்றப்பட்டு, முதலில் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் பொதுப் பாடநூல் வந்தது. மற்ற வகுப்புகளுக்கு விரிவாக்குவது 2011இல் வழக்காக மாற, உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 9 அன்று அதை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. மாணவர்கள் பள்ளி திறந்து வாரக்கணக்கில் பாடநூலின்றிக் காத்திருந்த ஆண்டு அது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் இம்மாற்றம் தேர்வையும் தொட்டது. எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 என மதிப்பெண் பிரிக்கப்பட்டது. செய்முறைக்கு மதிப்பெண் கிடைத்ததும், மாநில வாரிய உயர்நிலைப் பள்ளிகளில் ஆய்வகச் சாதனங்கள் மாணவர் கைக்கு வரும் தேவை பிறந்தது. ஆனால் சமச்சீர்க் கல்வி பத்தாம் வகுப்போடு நின்றது. மேல்நிலை வகுப்புகளின் பாடநூல்கள் பத்தாண்டுகளுக்கு மேல் மாறாமலே தொடர்ந்தன.

2017 மாற்றங்கள்

2017இல் மூன்று முடிவுகள் அடுத்தடுத்து வந்தன. பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. பதினோராம் வகுப்புக்கு 2017-18 முதல் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் உயர்நிலைக் குழு அமைக்கப்பட்டு, புதிய பாடத்திட்டம் உருவாக்கும் பணி தொடங்கியது. மேல்நிலையில் மொத்த மதிப்பெண் 1200இலிருந்து 600ஆகக் குறைந்தது. அறிவியல் பாடம் ஒவ்வொன்றுக்கும் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10 என்றானது. புளூபிரிண்டும் கைவிடப்பட்டது.

இங்கே தேர்வு முந்திக்கொண்டது. பதினோராம் வகுப்பின் முதல் பொதுத்தேர்வு 2018 மார்ச்சில் பழைய பாடநூலைக் கொண்டே நடந்தது. ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளுக்கான புதிய பாடநூல்கள் 2018-19இலும், பன்னிரண்டாம் வகுப்புக்கானது 2019-20இலும் வந்தன. விரைவுக் குறியீடுகளும் வண்ணப் படங்களும் கொண்ட இந்நூல்கள் முந்தையவற்றைவிடப் பருமனானவை. ஆசிரியர்கள் அவற்றைப் படித்துப் பழகும் முன்பே மாணவர்கள் பொதுத்தேர்வை எதிர்கொண்டனர். மேல்நிலைத் தேர்வு நேரம் முதலில் இரண்டரை மணியாகக் குறைக்கப்பட்டு, 2019-20இல் மீண்டும் மூன்று மணியானது.

பதினோராம் வகுப்பு மதிப்பெண்

இரு ஆண்டுகளின் மதிப்பெண்ணையும் கூட்டி 1200க்கு ஒரே சான்றிதழ் வழங்குவதே முதலில் இருந்த திட்டம். 2018 செப்டம்பரில் அது மாறியது. கல்லூரிச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பின் 600 மதிப்பெண் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என அரசு அறிவித்தது. மாணவர்களின் அழுத்தத்தைக் குறைப்பது இதன் நோக்கம். பதினோராம் வகுப்பில் தேர்ச்சி கட்டாயமாகவே இருந்தது. ஆனால் அதிக மதிப்பெண் பெறுவதால் சேர்க்கையில் பயன் இல்லாமல் போனது.

இதற்கிடையே நீட் தேர்வு 2017 முதல் தமிழ்நாட்டின் மருத்துவச் சேர்க்கைக்கும் கட்டாயமானது. அத்தேர்வு பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வினா கேட்கிறது. அதன் பாடப்பகுதி மத்திய வாரியப் பாடநூல்களோடு நெருங்கியது. பதினோராம் வகுப்பைப் படிக்காமலே மருத்துவ இடம் பெறும் வழி அடைபட்டது. அதை முறையாகக் கற்பிக்கும் பள்ளி வாய்க்காதவர்களும், பயிற்சிக் கட்டணம் செலுத்த இயலாதவர்களும் இதில் அதிகம் இழந்தனர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020இல் வந்தது.

கொரோனா காரணமாக 2021இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோது, மதிப்பெண் வேறு வகையில் கணக்கிடப்பட்டது. பத்தாம் வகுப்புக்கு 50 விழுக்காடு, பதினோராம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்பது அந்த முறை. சேர்க்கைக்கு உதவாது என்று கருதப்பட்ட பதினோராம் வகுப்பு மதிப்பெண், அவ்வாண்டு மாணவர்களின் எதிர்காலத்தில் பங்கு பெற்றது.

அண்மை நிலை

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் இல்லை என அறிவிக்கப்பட்டது. மாணவர்களுக்கு ஒரு பொதுத்தேர்வின் சுமை நீங்கியது. ஆனால் 2017இல் அத்தேர்வைக் கொண்டுவந்ததன் காரணம் தேர்வோடு மறைந்துவிடவில்லை. பதினோராம் வகுப்புப் பாடங்கள் நடத்தப்படுவதை உறுதிசெய்யும் பொறுப்பு இப்போது பள்ளிகளிடமும், அவற்றைக் கண்காணிக்கும் கல்வித் துறையிடமும் திரும்பியுள்ளது.