கண்ணாடியில் சூரியன்

ஒரகடத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடியில் நான்கு பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். எல்லோருக்கும் இரவு ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுத் தூங்கிப்போகிறார்கள். அவர்களில் ஒருவனுடைய செல்போன் முகப்பில் சூரியனின் படம் இருக்கிறது. ஹவாயிலுள்ள நான்கு மீட்டர் தொலைநோக்கி எடுத்து, 2020 ஜனவரியில் வெளியானது. கடலை மிட்டாயைக் கண்ணருகே வைத்துப் பார்த்த மாதிரி, பொன்னிறத்தில் பருப்புப் பருப்பாக. “சூரியன் சார் இது” என்று காட்டினான். எனக்கும் பிடித்துப்போயிற்று. ஏன் பிடித்தது என்று யோசிக்கப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

நேராகப் பார்த்தால் கண் போய்விடும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். கும்பிடுகிறவர்கள்கூட விரலிடுக்கு வழியாகப் பார்ப்பதுண்டு. புகைப்படம் இந்தத் தண்டனையை நீக்கிவிடுகிறது. விலக்கப்பட்ட ஒன்றை ஆற அமரப் பார்க்கலாம். வசீகரத்தின் முதல் காரணம் இது. ஆனால் அந்தப் பருப்பு ஒவ்வொன்றும் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் அகலம். சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை ஒன்றுக்குள் அடங்கிவிடும். அடியிலிருந்து கொதித்து மேலே வந்து, சில நிமிஷங்களில் ஆறி, ஓரங்களில் அமிழ்ந்துவிடுகிறது. படத்தில் இந்த அளவும் இல்லை, காலமும் இல்லை, வெக்கையும் இல்லை. நிறம்கூடப் பிறகு ஏற்றப்பட்டதுதான். அண்மை என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு பாதுகாப்பான தூரம். நம் கவிதைகளில் படிமத்துக்கு நேர்ந்திருப்பதும் ஏறத்தாழ இதுதான் என்று எனக்குப் படுகிறது.

இதற்கு நேரெதிரான சூரியப் படங்களும் நம்மிடம் இருக்கின்றன. அவற்றின் கதை பசியில் தொடங்குகிறது.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் செத்தார்கள். மழை ஏன் பொய்த்தது என்ற கேள்விக்கு அரசாங்கத்தார் வானத்தில் பதில் தேடினார்கள். சூரியப் புள்ளிகள் பதினோரு ஆண்டுக்கொருமுறை பெருகிக் குறைவது ஏற்கெனவே தெரிந்திருந்தது. டபிள்யூ. டபிள்யூ. ஹன்டர் 1877ல் சென்னையின் மழைக்கணக்கை அதோடு பொருத்திப் பார்த்து, புள்ளிகள் குறைகிறபோது மழையும் குறைகிறது, பஞ்சம் வருகிறது என்று எழுதினார். தானியக் கிடங்கையும் ரயிலில் ஏற்றிப்போன நெல்லையும் பற்றிக் கேட்பதைவிட, சூரியனைக் கேட்பது சுலபம். எனினும் அந்தக் கேள்வியிலிருந்துதான் கொடைக்கானல் பிறந்தது. 1895ல் அடிக்கல். 1899ல் சென்னை வானாய்வுக்கூடத்தின் வேலைகள் மிச்சி ஸ்மித்தின் பொறுப்பில் மலைக்குப் போயின.

கேம்பிரிட்ஜில் செய்த ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் 1904ல் அங்கே வந்து சேர்ந்தது. அமெரிக்கரான ஹேல் கண்டுபிடித்த கருவி அது. சூரியனை ஒரே பார்வையில் பிடிக்காது. ஒரு மெல்லிய பிளவின் வழியே கீற்றுக் கீற்றாக வரும் ஒளியைப் பிரித்து, அதில் ஒரேயொரு நிறத்தை மட்டும் கண்ணாடித் தகட்டில் பதிக்கும். கொடைக்கானலில் பதித்தது கால்சியத்தின் ஊதா. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பில் இருக்கும் அதே கால்சியம். 1907ல் வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட், 1909ல் சூரியப் புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது.

பஞ்சத்துக்குப் பதில் கிடைத்ததா? கிடைக்கவில்லை. 1904ல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மழையை முன்கூட்டிச் சொல்லும் அளவுக்குப் புள்ளிகளோடு அதற்கு உறவில்லை. அவர் சூரியனை விட்டுவிட்டுப் பசிபிக் கடல்பக்கம் திரும்பினார். காற்றழுத்தத்தின் ஊசலாட்டம் அங்கேதான் அகப்பட்டது.

உத்தேசம் போயிற்று, வேலை நிற்கவில்லை. மேகம் விலகுகிற நாளெல்லாம் மலையில் யாரோ ஒரு உதவியாளர் தகடு பொருத்திக்கொண்டிருந்தார். இரண்டு உலகப்போர், சுதந்திரம் எல்லாவற்றின் ஊடாகவும் கால்சியப் படங்கள் ஏறத்தாழ நூறு ஆண்டுகள், 2007 வரை தொடர்ந்தன. தனித்தனியே பார்த்தால் அவற்றில் அழகில்லை. ஆறு சென்டிமீட்டர் வட்டம், சில வெளுத்த திட்டுகள், தேதி. ஆனால் நூறாண்டுச் சூரியனின் காந்தச் சரித்திரத்தை எழுத வருகிறவர்கள் இன்று அந்தத் தகடுகளைத்தான் கேட்கிறார்கள். ரசனைக்கு ஒற்றைப் படம் போதும். அறிவுக்கு அடுத்த நாளின் படமும் வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊருக்கும் இதில் ஓர் ஓரப் பங்கு உண்டு. ஹேல் தன் நூறு அங்குலத் தொலைநோக்கிக்காக வார்க்கச் சொன்ன கண்ணாடி, பிரான்ஸின் செயின்ட் கோபெய்ன் உலையிலிருந்து 1908ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. குமிழி குமிழியாக, சாராயப் புட்டியின் பச்சை நிறத்தில். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. 1917ல் அதுதான் உலகத்தின் மிகப்பெரிய கண்ணாயிற்று. அதே கம்பெனி 2000ல் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி உருக்கத் தொடங்கியது. நம் அலுவலகக் கட்டடங்களுக்கு, வெயிலைத் தடுக்க.

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 கிளம்பியது. பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று, அங்கே மேகமும் இரவும் இல்லாமல் சூரியனைப் பார்க்கிறது. அந்த டிசம்பரில் அதன் படங்கள் பத்திரிகைகளில் வந்தபோது எல்லோரும் அழகு என்றார்கள். அழகுதான். தொடர்ந்து பார்ப்பதற்காகப் போன கருவி அது என்பதை மட்டும் யாரும் பேசவில்லை.

ஒருநாள் மாடிப் பையனிடம் கொடைக்கானல் படம் ஒன்றைக் காட்டினேன்.

“இதுல ஒண்ணுமே தெரியலையே சார்.”

“தேதி தெரியுது பாரு தம்பி.”

கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “நான் பொறந்த அன்னிக்கு எடுத்தது இருக்குமா?”

“இருக்கலாம். அன்னிக்கு அங்க மேகம் இல்லாம இருந்திருந்தா.”

சரி சார் என்று மேலே போனான். போர்வையை இழுத்துக் கட்டுகிற சத்தம் கேட்டது. வெளியே எட்டு மணி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.