சிங்கப்பூரில் ஒரு காலைப்பொழுது



மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் வந்து ஒரு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை பேரன் என்னை 'சிட்டி ஹால்' ரயில் நிலையத்தில் இறக்கி, "இரண்டு மணி நேரம்தான் அம்மாச்சி, எனக்கு டியூஷன் இருக்கு" என்றான். சரி, கிடைத்தவரை லாபம் என்று நடந்தேன்.

நிலையத்தை ஒட்டியே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். வெள்ளை வெளேரென்று இருக்கிறது. 1856-ல் தொடங்கி 1861-ல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். கட்டியவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். பென்கூலனை டச்சுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்த கைதிகளைக் கம்பெனிக்காரர்கள் இங்கே மாற்றினார்கள். 1825 ஏப்ரலில் வந்த முதல் கப்பலில் 80 பேர், எல்லோரும் மதராஸ் கைதிகள்.

உள்சுவரின் பூச்சுக்கே 'மதராஸ் சுண்ணாம்பு' என்றுதான் பெயர். கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்பார்கள். பூசிக் காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். எங்கள் தாத்தா வீட்டுக் கூடத்துச் சுவரும் இப்படித்தான் சில்லென்று இருக்கும். கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்போம். அந்தக் கைவேலை தெரிந்தவன் விலங்கோடு கடல் தாண்டி வந்து இங்கே பூசியிருக்கிறான். சுவரைத் தொட்டுப் பார்க்கலாமா என்று தயங்கி, தொட்டும் பார்த்துவிட்டேன்.

அடுத்து பாடாங் மைதானம். 1943 ஜூலையில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை நேதாஜி பார்வையிட்டது இங்கேதான். வெயில் ஏறிவிட்டதால் நிற்கவில்லை.

ஆற்றங்கரைப் பக்கம் வந்தால் ஒரு கல்தூண். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி 1850-ல் இங்கு வந்துபோனதன் நினைவாக எழுப்பியது. ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்தில் மலாய், இவற்றோடு தமிழ்! பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்கும் சந்தோஷம். எனக்குத்தான் கொஞ்ச நேரத்தில் முகம் மாறிவிட்டது. 1855-ல் எங்கள் தஞ்சாவூர் ராஜா சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது இதே டல்ஹௌசியின் கம்பெனி ஆட்சிதானே.

எட்டாம் வகுப்பில் 'வாரிசு இழப்புக் கொள்கை' ஐந்து மதிப்பெண் கேள்வி, ஞாபகம் இருக்கிறதா? ரயில், தந்தி, தபால் தலை என்று சாதனைகளையும் வரிசையாக ஒப்பிக்க வைத்தேன். 34 வருஷம் நடத்தியிருக்கிறேன். அதே காலத்தில் கடல் தாண்டிப் போன கைதிகளைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை. பாடப்புத்தகத்தில் இல்லை, நானும் தேடவில்லை.

டல்ஹௌசி பெயர் நான்கு மொழியிலும் இருக்கிறது. தேவாலயச் சுவரில் பூச்சு வேலை செய்தவர்களில் ஒருவன் பெயரையும் நான் பார்க்கவில்லை. 1873-ல் கைதிகள் குடியிருப்பை மூடியபோது விடுதலையான பலர் இங்கேயே தங்கிவிட்டார்களாம்.

பேரன் கைக்கடிகாரத்தைக் காட்டினான். ரயிலில் திரும்பும்போது, "அந்த ஆளுங்க என்ன தப்பு பண்ணாங்க அம்மாச்சி?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் என் பிள்ளைகள் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். அவனுக்குப் படித்துக் காட்டுகிறேன்.