ஒலிக்கு ஒரு முகம்: இசைத்தட்டு லேபிளிலிருந்து பாட்காஸ்ட் அட்டைப்படம் வரை

பாட்காஸ்ட் அட்டைப்படம் என்பது ஓர் ஒலித்தொடரைக் கைபேசியிலோ கணினியிலோ அடையாளம் காட்டும் சதுரப் படம். ஆப்பிள் நிறுவனம் கேட்கும் அளவு குறைந்தது 1400 × 1400 படப்புள்ளிகள், அதிகம் 3000 × 3000. இவ்வளவு பெரிதாக வரையப்படும் படம் கேட்பவரின் கண்ணுக்குப் பெரும்பாலும் கட்டைவிரல் நகத்தின் அளவில்தான் தெரிகிறது. அந்தச் சிறிய இடத்துக்குள் தொடரின் பெயர், பேசுபவர், பொருள் மூன்றையும் எப்படிச் சொல்வது என்பதே இந்தக் கலையின் சிக்கல்.

சிக்கல் புதியதன்று. 'பாட்காஸ்ட்' என்ற சொல் 2004இல்தான் அச்சில் வந்தது. 2005 ஜூனில் ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் இவ்வகைத் தொடர்களைப் பட்டியலிடத் தொடங்கியது. ஆனால் காதால் கேட்கும் ஒரு பொருளைக் கண்ணுக்குக் காட்டி விற்க வேண்டிய தேவை அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டது. அந்த வரலாற்றின் ஒரு கிளை திருநெல்வேலிச் சீமையில் ஓடுகிறது. இக்கட்டுரை அதைப் பின்தொடர்கிறது.

மார்க்

திருநெல்வேலி டவுனுக்கு மேற்கே இருக்கிறது பேட்டை. பேட்டை என்ற சொல்லே சந்தையை ஒட்டிய குடியிருப்பைக் குறிக்கும். எழுத்துத் தெரியாதவரும் சரக்கு வாங்க வேண்டிய இடம் அது. ஆகவே பொருளின் பெயரைவிட அதன் மேல் அச்சிட்ட படம்தான் பேசும். கிளி மார்க், மயில் மார்க் என்று கேட்டு வாங்குவது தமிழ்நாட்டுக் கடைத்தெருவின் பழைய வழக்கம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பின் சிவகாசியில் அந்தத் தொழிலும், அதற்கு லேபிள் அடிக்கும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன. தீப்பெட்டி லேபிள் இரண்டு விரல் அகலம்தான். அதில் ஒரு பறவையோ விளக்கோ நடுவில் நிற்கும். பெயர் சுருக்கமாக இருக்கும். பின்னணி ஒரே வண்ணமாக இருக்கும். பாட்காஸ்ட் அட்டை வரையும் மாணவருக்கு இன்று சொல்லித்தரப்படும் விதிகள் பலவும் அந்த லேபிளிலேயே இருக்கின்றன.

ஒலிக்கும் முதலில் கிடைத்தது இப்படி ஒரு மார்க்தான். கிராமபோன் குழாயின் முன் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கும் நாயை ஃபிரான்சிஸ் பாரோ என்ற ஆங்கிலேய ஓவியர் வரைந்தார். முதலில் அதில் இருந்தது எடிசனின் உருளைக் கருவி. கிராமபோன் கம்பெனி 1899இல் படத்தை வாங்கியபோது உருளையை அழித்துத் தன் கருவியை வரையச் சொன்னது. ஓவியத்துக்கு 50 பவுன், உரிமைக்கு 50 பவுன் என 100 பவுன் கொடுத்தது. தமிழர் வாயில் அது 'நாய் மார்க் பிளேட்' ஆயிற்று. பாடகர் யாராக இருந்தாலும் நாய் ஒன்றேதான்.

அக்காலத்து 78 சுற்று இசைத்தட்டின் உறை நடுவில் வட்டமாக வெட்டிய முரட்டுத் தாள். அந்த ஓட்டை வழியே தட்டின் நடுவிலுள்ள லேபிள் தெரியும். தட்டு 10 அங்குலம். லேபிள் ஏறத்தாழ 3 அங்குலம். பாடகர் பெயரும் பாட்டின் முதலடியும் ராகமும் அதற்குள் அடங்க வேண்டும். உறைத்தாளில் பெரும்பாலும் விற்பவரின் விளம்பரமே இருக்கும். செங்கோட்டையில் 1906இல் பிறந்து 1933இல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரல் ஊர் ஊராகப் போனது இப்படிப்பட்ட தாள் உறைக்குள்தான். அவர் முகத்தைக் காட்டியவை நாடக நோட்டீஸும் காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்களும்.

அதற்கும் முந்தைய பதிவுகளில் ஒரு வேடிக்கை உண்டு. 1902இல் கல்கத்தாவில் பதிவான கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகி வந்தன. மொழி தெரியாத அங்குள்ளவர்கள் எந்தத் தட்டுக்கு எந்த லேபிளை ஒட்டுவது என்று குழம்பாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. குரலே அட்டையின் வேலையைச் செய்தது. இன்றைய பாட்காஸ்ட்டின் தொடக்கத்தில் 'வணக்கம், நீங்கள் கேட்பது...' என்று வரும் அறிவிப்பு அதன் பேரப்பிள்ளை.

உறை படமாகிறது

தட்டின் உறையை ஓவியமாக்கியவர் அமெரிக்கரான அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். கொலம்பியா நிறுவனத்தில் ஓவிய இயக்குநராக இருந்த அவர், பழுப்பு அட்டையில் பெயர் மட்டும் அடித்து விற்ற தொகுப்புகளுக்கு 1940 வாக்கில் வண்ண ஓவியம் தீட்டினார். விற்பனை கூடியது. 1948இல் 12 அங்குல எல்.பி. தட்டு வந்ததும் உறை ஓர் ஓவியப் பலகை ஆயிற்று. தமிழகத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் எல்.பி.யாக வந்தது. திரைப்படக் கதை வசனங்களும் தட்டாக வந்தன. வீரபாண்டிய கட்டபொம்மன் வசனத்தைப் படம் பார்க்காமலே மனப்பாடம் செய்த தலைமுறை ஒன்று உண்டு. பாட்டில்லாமல் பேச்சை மட்டும் விற்ற அந்தத் தட்டுகளைத்தான் பாட்காஸ்ட்டின் நேர் மூதாதை என்று சொல்லத் தோன்றுகிறது.

எல்.பி. உறையின் பொற்காலம் தமிழ்நாட்டில் நீளவில்லை. அது வசதியுள்ள வீட்டின் பொருளாகவே இருந்து முடிந்தது.

கோவில்பட்டியின் பங்கு

பொதுமக்களின் கண்ணைப் பழக்கியவர்கள் வேறு பக்கம் இருந்தார்கள். 1986இல் பிரிக்கப்படும்வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கோவில்பட்டியில் சி. கொண்டையராஜு (1898–1976) வாழ்ந்தார். மயிலாப்பூரில் பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்துவிட்டு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதப் போனார். கம்பெனி கலைந்தபின் 1940களில் கோவில்பட்டியில் நிலைத்து, டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் முதலிய மாணவர்களுடன் காலண்டர் ஓவியங்கள் வரைந்தார். சிவகாசி அச்சகங்கள் அவற்றை லட்சக்கணக்கில் அடித்தன. தமிழ் வீடுகளில் முருகனும் மீனாட்சியும் இன்ன முகத்தோடு இருப்பார்கள் என்ற எண்ணம் பெரும்பாலும் இந்தப் பட்டறையிலிருந்து வந்தது.

அவர் நாடகத் திரை எழுதியவர் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். திரைச்சீலையைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் புரிந்துகொள்ள வேண்டும். அதனால் முகம் நேராக நம்மைப் பார்க்கும். கண் பெரிதாக இருக்கும். உடையின் வண்ணம் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும். தூரத்தில் இருக்கும் பெரிய படமும் கைக்குள் இருக்கும் சிறிய படமும் கண்ணுக்கு ஒன்றுதான். இரண்டும் விழித்திரையில் சிறிதாகத்தான் விழுகின்றன. கொண்டையராஜுவின் படத்தை அஞ்சலட்டை அளவுக்குச் சுருக்கினாலும் தெய்வம் இன்னதென்று தெரிவதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. அட்டைப்படம் வரைபவர் தன் படத்தைத் திரையில் பெரிதாக வைத்து ரசிப்பதை விட்டு, எழுந்து பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பாதிக் குறைகள் தாமே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. கொண்டையராஜுவின் படங்கள் பலவற்றில் அவர் பெயரோடு மாணவர் பெயரும் கையொப்பமாக இருக்கும்.

கேசட்: முதுகும் முகமும்

ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகம் செய்த கேசட் 1980களில் இந்தியச் சிற்றூர்களை அடைந்தது. பதிவும் படியெடுப்பும் மலிவானதும் உள்ளூர்க் கலைஞர்களின் குரல் கடைக்கு வந்தது. தாமிரபரணிப் பகுதியில் அதன் பெரிய பயனாளி வில்லுப்பாட்டு. சுடலைமாடன் கதையும் முத்துப்பட்டன் கதையும் கோயில் கொடையில் இரவெல்லாம் நடப்பவை. 60 அல்லது 90 நிமிட நாடாவுக்குள் அவை அடங்கா. ஆகவே பாகம் 1, பாகம் 2 என்று வந்தன. அட்டையில் பாக எண் தெளிவாக இல்லாவிட்டால் வாங்கியவர் பிறப்புக் கதையை விட்டுவிட்டு நேராக இறப்புக் கதைக்குப் போய்விடுவார்.

கேசட் அட்டையின் முகப்பு சுமார் 10 செ.மீ. உயரம், 6.5 செ.மீ. அகலம். ஆனால் கடை அலமாரியில் தெரிவது முகப்பன்று, ஒரு செ.மீ.யைச் சற்றே தாண்டிய அதன் முதுகு. தலையைச் சாய்த்துப் படிக்க வேண்டிய அந்தப் பட்டையில் எழுத்துத் தெளிவாக இருந்தால்தான் கேசட் கையில் ஏறும். பாட்காஸ்ட் செயலியில் வரிசையாக நிற்கும் குட்டிச் சதுரங்களும் இந்த முதுகுகளும் ஒரே வேலையைச் செய்பவை.

அட்டைகள் சமயத்துக்கு ஒரு மரபு வைத்திருந்தன. அம்மன், முருகன் பாடல்களுக்குக் காலண்டர் படமே போதும். பேட்டை, மேலப்பாளையம் போன்ற முஸ்லிம்கள் மிகுந்த பகுதிகளில் விற்ற இஸ்லாமியப் பாடல் கேசட்டுகளுக்கு அந்த வழி இல்லை. இறைவனுக்கோ நபிக்கோ உருவம் வரையக்கூடாது. எனவே குவிமாடமும் மினாரும் பிறையும் பச்சை நிறமும் பேசின. நாகூர் ஹனிபாவின் தொப்பி அணிந்த முகம் தானே ஒரு மார்க் ஆகிவிட்டது. பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிறித்தவ வீடுகளில் ஒலித்த பெர்க்மான்ஸ் அடிகளாரின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் தொகுதி எண்ணாலேயே கேட்டு வாங்கப்பட்டன. உருவம் இல்லாமல் எழுத்தாலும் எண்ணாலும் நிறத்தாலும் அடையாளம் உண்டாக்க முடியும் என்பதற்கு இவை நல்ல சான்றுகள். பேசுபவரின் படத்தைப் போட விரும்பாத பாட்காஸ்ட் தொடர்கள் இங்கே கற்றுக்கொள்ளலாம்.

அட்டையே இல்லாத கேசட்டும் இருந்தது. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் வெற்று நாடாவில் பதிந்து தருவார்கள். கடையின் பெயர் அடித்த சீட்டில் பாட்டின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கும். அங்கே மார்க் கடைக்காரர்தான்.

தமிழ் எழுத்தும் சிறு சதுரமும்

வெளிநாட்டுக் கையேடுகளை அப்படியே பின்பற்றும் தமிழ் அட்டைகள் பெரும்பாலும் எழுத்தில்தான் சறுக்குகின்றன. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் இருப்பதால் வரிகளுக்கு இடையே அதிக வெளி தேவைப்படுகிறது. தடித்த எழுத்தில் அடித்துச் சுருக்கினால் 'ண', 'ஐ' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். புள்ளி மெய்யோடு ஒட்டி மறைந்துவிடும். நான்கு சொல் தலைப்பு சிறு சதுரத்தில் சிலந்திவலையாகிவிடும். தீப்பெட்டி லேபிளும் கேசட் முதுகும் அடித்தவர்கள் இதைக் கையால் எழுதியே தீர்த்தார்கள்: ஒரு சொல்லைப் பெரிதாக்கி, மற்றதைச் சிறிதாக்கி, தேவையான இடத்தில் சுழியை அகலத் திறந்து எழுதினார்கள். இன்று கணினி எழுத்துருவைத் தட்டிவிட்டுப் போவது எளிது; ஆனால் தலைப்புச் சொல்லையாவது கையால் எழுதி ஏற்றுவதே தமிழில் நன்றாக நிற்கிறது.

அட்டை தொலைந்தால்

கேசட் அட்டை வெறும் அழகுக்காக இருக்கவில்லை. முதன்மைப் பாடகர் யார், குடம் அடித்தவர் யார், உடுக்கை யார், எந்த ஊர்க் குழு என்பதெல்லாம் அதன் உள்மடிப்பில்தான் அச்சாகியிருந்தன. நாடாவில் அவை பதியப்படவில்லை. பழைய வில்லுப்பாட்டுக் கேசட்டுகள் இன்று கணினிக் கோப்புகளாக இணையத்தில் ஏற்றப்படும்போது அட்டையைத் தூக்கிப்போட்டு, எங்கிருந்தோ எடுத்த தெய்வப் படம் ஒன்றை ஒட்டிவிடுவது நடக்கிறது. படம் முன்பைவிடப் பளபளப்பாக இருக்கலாம். பாடியவர் பெயர் போய்விடுகிறது. சத்திரபுதுக்குளத்தில் பிறந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் போன்றவரின் குரலை நாம் கேட்டவுடன் அறிவோம். கொடை மேடைகளில் மட்டுமே அறியப்பட்ட ஒரு பெண் புலவரின் குரலை அப்படி அறிய வழியில்லை.

வீட்டில் இத்தகைய கேசட் வைத்திருந்து கோப்பாக மாற்றுபவர்கள் அட்டையை முழுவதும் விரித்து, இருபுறமும் படமெடுத்து, முகப்பைச் சதுரப் படமாகவும் உள்மடிப்பின் பெயர்களைக் கோப்பின் விவரப் பகுதியிலும் சேர்க்கலாம். அரை மணி நேர வேலை. அட்டை செவ்வகமாக இருப்பதால் சதுரத்தில் இருபுறமும் இடம் மிஞ்சும். அந்த இடத்தில் ஊரின் பெயரை எழுதினால் நன்று.