சனா வேண்டாம் என்று சொன்னாளே!

போன வாரம் ஆடிட்டிங் நோட்ஸ் எழுத வேண்டிய நேரத்தில் பின் பெஞ்சில் ஒரு பட்டிமன்றம். "எந்திரன்ல சிட்டி பாவம்டா, உண்மையா லவ் பண்ணுச்சு" என்றான் ஒரு நண்பன். பக்கத்து வரிசைத் தோழி திரும்பிப் பார்த்து, "சரி, சனா வேணாம்னு சொன்னாளே, அது யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்றாள். மொத்த பெஞ்சும் கப்சிப். எனக்கும் பதில் தெரியவில்லை. அதைத் தேடிப் போனதில்தான் இந்தக் கட்டுரை.

நம் ஊர் அறிவியல் படங்களின் காதல் வரலாறு 1963-லேயே தொடங்கிவிடுகிறது. ஏ.காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி'. வேற்றுக் கிரகத்தில் விஞ்ஞானம் ஏகத்துக்கும் வளர்ந்திருக்கிறது, ஆனால் கலை கிடையாது. அதைக் கற்றுக்கொடுக்க ஆள் தேடி பூமிக்கு வருகிறார் நம்பியார். பானுமதியைத் தூக்கிக்கொண்டு பறந்துவிடுகிறார். காதலர் எம்.ஜி.ஆர். கிரகத்துக்கே போய் மீட்டு வருகிறார். மனிதன் நிலவில் கால் வைத்தது 1969-ல், 'ஸ்டார் வார்ஸ்' வந்தது 1977-ல். அதற்கெல்லாம் முன்பே நம்மவர்கள் வேற்றுக் கிரகம் போய்விட்டார்கள் :-) ஆனால் ஒன்று கவனியுங்கள். ஒருவர் தூக்கிப் போகிறார், இன்னொருவர் மீட்டு வருகிறார். நடுவில் கதாநாயகி ஒரு பார்சல் மாதிரிதான்.

பிறகு தொடர் படங்கள். வேலு பிரபாகரனின் 'நாளைய மனிதன்' (1989), அதன் தொடர்ச்சியான 'அதிசய மனிதன்' (1990) இரண்டும் செத்தவன் எழுந்து வந்து மிரட்டும் கதைகள். அங்கே பயம்தான் பிரதானம். காதலையே அச்சாணியாக வைத்தது ஷங்கரின் 'எந்திரன்'. 2010 அக்டோபர் 1-ல் வெளிவந்தது.

கதை உங்களுக்குத் தெரியும். வசீகரன் சிட்டிக்கு உணர்ச்சிகளைக் கொடுக்கிறார். சனாவின் அக்காவுக்குச் சிட்டி பிரசவம் பார்க்கிறது. நன்றி சொல்லி சனா ஒரு முத்தம் தருகிறாள். சிட்டி அதைக் காதல் என்று எடுத்துக்கொள்கிறது. அவள் மறுக்கிறாள். அது விடவில்லை. கடைசியில் கல்யாண நாளில் அவளைத் தூக்கிக்கொண்டே போய்விடுகிறது.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நன்றியைக் காதல் என்று நினைப்பதும், மறுத்த பிறகும் பின்னால் சுற்றுவதும் நம் கதாநாயகர்கள் பல வருடங்களாகச் செய்ததுதானே? அவர்களுக்கெல்லாம் டூயட் கிடைத்தது. சிட்டிக்கு மட்டும் வில்லன் பட்டம். இரும்பில் செய்திருந்ததால்தான் அது தப்பு என்று நமக்குத் தெரிந்ததோ? எத்தனையோ புத்தகங்களை நொடியில் படித்து முடித்த சிட்டிக்கு, 'வேண்டாம்' என்ற ஒரு சொல் மட்டும் ஏறவில்லை.

இந்தக் கதையின் வேர் ரொம்பப் பழையது. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818-ல் வெளிவந்தது. அதில் உருவாக்கப்பட்ட உயிர் தன்னைப் படைத்தவனிடம் கேட்பது ஒன்றே ஒன்று, தனக்கு ஒரு துணை. அவன் செய்யத் தொடங்கிப் பாதியில் அழித்துவிடுகிறான். 1931-ல் வந்த படத்துக்கு 1935-ல் தொடர்ச்சி எடுத்தபோது அந்தத் துணையைச் செய்து காட்டினார்கள். அவளோ அவனைப் பார்த்ததும் அலறினாள்! நாவல் வந்து சரியாக 200 வருடம் கழித்து, 2018 நவம்பரில் '2.0' வருகிறது. சிட்டிக்கு நிலா என்ற பெண் ரோபோ கிடைக்கிறாள். இந்தத் துணை அலறவில்லை, அவளுக்கும் சிட்டியைப் பிடித்துவிடுகிறது. மறுப்பு என்ற சிக்கலே இல்லாமல் போகிறது.

சரி, சனா எங்கே? போனில் வெறும் குரலாக வருகிறாள். எனக்குத் தெரிந்த பி.காம். பாஷையில் சொன்னால், முதல் படத்துக் காதல் அடுத்த படத்துக்கு ஓப்பனிங் பேலன்ஸாக வருவதில்லை. கல்யாணம் முடிந்தால் கணக்கு முடிந்தது.

வெளியூர்க் கதைகளும் இதற்கு விலக்கில்லை. 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 2005-ல் வந்த படத்தில் அனக்கின், மனைவி பத்மேயை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் கொடியவனாகிறான். கடைசியில் அவளையும் இழக்கிறான். இந்தியில் 'கிரிஷ் 3' (2013) படத்தில் ஆய்வுக்கூடத்தில் உருவான காயா, நாயகனைக் காதலித்ததற்காக உயிரையே விடுகிறாள். செயற்கை ஆண் காதலித்தால் அழிக்கிறான், செயற்கைப் பெண் காதலித்தால் தியாகம் செய்கிறாள். என்ன நியாயம் இது?

'எந்திரன்' வசனத்தில் பங்களித்து, படம் வரும் முன்பே 2008 பிப்ரவரியில் மறைந்த சுஜாதா, 1980களில் எழுதிய 'என் இனிய இயந்திரா'வில் வேறு ஒரு உறவைக் காட்டியிருக்கிறார். அதிலும் நாயகி பெயர் நிலாதான், ஆனால் மனுஷி. காணாமல் போன கணவனைத் தேடும் அவளுக்கு ஜீனோ என்ற இயந்திர நாய் துணை நிற்கிறது. கேலி பேசும், யோசனை சொல்லும், உயிரைப் பணயம் வைக்கும். உரிமை மட்டும் கொண்டாடாது. தமிழில் நான் பார்த்த மனிதர்-இயந்திர உறவுகளில் ஆரோக்கியமானது அதுதான்.

கடைசியாக எங்கள் ஊர் விஷயம். திருவண்ணாமலையில் திருவூடல் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. தை மாதம் இரண்டாம் நாள் அங்கே சுவாமிக்கும் அம்மனுக்கும் ஊடல் நடக்கும். பிருங்கி முனிவரைப் பார்க்கப் போவதில்தான் சண்டை. அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அண்ணாமலையாரே ஆனாலும் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. இரவு வெளியே தங்கி, மறுநாள் கிரிவலம் சுற்றி வந்த பிறகுதான் சமாதானம். சாத்திய கதவுக்கு ஒரு ராத்திரி மரியாதை!

சின்ன வயதிலிருந்து அந்தத் தெரு வழியாகத்தான் நடக்கிறேன். இப்போதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம் புரிகிறது. என் தோழியின் கேள்விக்கு என் பதில் இதுதான்: சிட்டி பாவம்தான். ஆனால் சனா சொன்னதை நாமும் கேட்கவில்லையே.