புகையும் வாயுவும்: மேட்டூரிலிருந்து காரைக்குடி வரை ஒரு மின்வேதியியல் வரலாறு

பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, ராஜா ராணி கதை எழுதத் தெரியாதவன் ஆயிற்றே என்று முதலில் தயங்கினேன். நான் படித்தது வேதியியல். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். பிறகு யோசித்துப் பார்த்ததில், நம் சேலம், நாமக்கல் சீமைக்கென்று ஒரு வேதியியல் வரலாறு இருப்பது நினைவுக்கு வந்தது. அதையே எழுதுகிறேன். எருமப்பட்டிக்காரன் எழுதுவதால் லாரி வாடை கொஞ்சம் அடிக்கும், நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தைக் கொண்டு ஒரு பொருளை வேறொரு பொருளாக மாற்றுவதுதான் மின்பகுப்பு. இவ்வளவு மின்சாரம் செலுத்தினால் இவ்வளவு பொருள்தான் கிடைக்கும், அதற்கு மேல் ஒரு குண்டுமணி கூடக் கிடைக்காது என்று 1834-இல் கணக்கு எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் மைக்கேல் ஃபாரடே. பி.எஸ்ஸி. முதல் ஆண்டில் நாமெல்லாம் மனப்பாடம் செய்த அந்த விதிதான் இந்தக் கட்டுரையின் முதுகெலும்பு.

நம் பக்கத்தில் இந்த வித்தை காலூன்றியது மேட்டூர் அணையால். 1934-இல் அணை முடிந்தது. 1937-இல் அணை மின்நிலையம் ஓடத் தொடங்கியது. மின்சாரம் பக்கத்திலேயே கிடைக்கும் என்றால் மின்பகுப்புத் தொழில் தானாக வந்து சேரும். 1936-இலேயே மேட்டூர் கெமிக்கல்ஸ் தொடங்கப்பட்டுவிட்டது. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் மூன்றும் கிடைக்கும். நம் வீட்டு சோப்புக்கும், காகித ஆலைக்கும், துணி வெளுப்பதற்கும் வேண்டிய சரக்கு இதுதான்.

அடுத்து 1965-இல் அதே மேட்டூரில் மால்கோ எனும் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி உற்பத்தி தொடங்கியது. எங்கள் ஊரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரிகிற கொல்லிமலையிலிருந்தும், சேர்வராயன் மலையிலிருந்தும் பாக்சைட் மண் லாரியில் மேட்டூருக்குப் போயிற்று. அமெரிக்காவில் ஹால், பிரான்சில் எரூ என்று இரண்டு இளைஞர்கள், ஒருவரையொருவர் அறியாமல் 1886-இல் கண்டுபிடித்த முறைதான் அலுமினியத்துக்கு இன்றுவரை கைகொடுக்கிறது. சுமார் 960 டிகிரி வெப்பத்தில் உருகிய கலவைக்குள் கரிக்கட்டைகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். அலுமினியம் அடியில் தேங்கும். பிரிந்து வரும் ஆக்சிஜன் அந்தக் கரியைத் தின்று கரியமில வாயுவாக வெளியேறும். ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 14 யூனிட் மின்சாரம் செலவு, ஒன்றரை கிலோ கரியமில வாயு வரவு. ஆக, கரியைக் கரியமில வாயுவாக்கும் மின்கலம் நம் மண்ணில் பல பத்தாண்டுகள் ஓடியிருக்கிறது. 2008-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், உலகச் சந்தையில் அலுமினிய விலை சரிந்த சமயத்தில், அந்த உருக்காலை நின்றது. மின்பகுப்புத் தொழிலுக்கு வாழ்வும் சாவும் யூனிட் விலையில் இருக்கிறது என்ற பாடத்தை மேட்டூரைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

இனி மறுபக்கம். கரியமில வாயுவை மின்கலத்துக்குள் விட்டு, எரியக்கூடிய வாயுவாகத் திருப்ப முடியுமா? டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தபோது, லாரி ஓட்டிச் சம்பாதித்துப் பிறகு சொந்தமாக வண்டி வாங்கிய நண்பர் ஒருவர், "ஏனுங்க வாத்தியாரே, சைலன்ஸர்ல போற பொகையப் புடிச்சு மறுக்கா டேங்க்ல ஊத்திக்கலாமுங்களா?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கேள்வி ஒன்றும் சிரிப்புக்குரியதல்ல. உலகத்து ஆய்வுக்கூடங்கள் இன்று மண்டையை உடைத்துக்கொள்வது இதே கேள்விக்குத்தான்.

1870-இலேயே ரோயர் என்பவர் துத்தநாக மின்முனையைக் கொண்டு கரியமில வாயுவிலிருந்து ஃபார்மிக் அமிலம் வரவழைத்துக் காட்டினார். எறும்பு கடித்தால் சுரீர் என்கிறதே, அந்த அமிலம்தான். பிறகு நூறு வருஷத்துக்கு மேல் பெரிய திருப்பம் இல்லை. 1985-இல் ஜப்பானின் யோஷியோ ஹோரி குழுவினர் செம்பு மின்முனையைப் போட்டுப் பார்த்தார்கள். சமையல் வாயு மாதிரி எரியும் மீத்தேனும், பிளாஸ்டிக்குக்கு மூலமான எத்திலீனும் வந்தன. வெள்ளி, தங்கம் போட்டால் கார்பன் மோனாக்சைடு. ஈயம், வெள்ளீயம் போட்டால் ஃபார்மிக் அமிலம். இரும்பு, நிக்கல் போட்டால் தண்ணீர் பிரிந்து வெறும் ஹைட்ரஜன். உலோகத்தை மாற்றினால் விளைச்சல் மாறுகிறது.

கார்பன் மோனாக்சைடு விஷவாயுதானே, அது எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டால் பஸ்களின் பின்னால் கரியடுப்பு கட்டி ஓட்டினார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அந்தக் கரிவாயுவில் எரிந்தது பெரும்பாலும் இதே மோனாக்சைடுதான். அதோடு ஹைட்ரஜனைக் கலந்தால் மெத்தனால் செய்யலாம், டீசலே செய்யலாம்.

இப்போது நம் ஃபாரடே கணக்கைப் போடுவோம். ஒரு கிலோ கரியமில வாயுவை மோனாக்சைடாக மாற்ற, 3 வோல்ட் அழுத்தத்தில், மின்னோட்டம் துளியும் வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் சுமார் 3.7 யூனிட் வேண்டும். மீத்தேன் வேண்டுமென்றால் அதைப்போல் நான்கு மடங்கு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கரியமில வாயு வருகிறது. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் லாரி 2,500 கிலோமீட்டர் வடக்கே போனால், ஒரு நடைக்கு 1,600 கிலோவுக்கு மேல் வரும். அதை மோனாக்சைடாக்கச் சுமார் 6,000 யூனிட். மாதம் 100 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு இது ஐந்து வருஷ மின்சாரம்.

இன்னொன்றும் உண்டு. நிலக்கரி அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் உற்பத்தியாகும்போது கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அந்தக் கரண்டை வைத்து ஒரு கிலோவை மாற்றினால் மூன்றரைக் கிலோவைப் புதிதாக விட்டிருப்போம். சாண் ஏறினால் முழம் சறுக்கும் கதைதான். காற்று, சூரியன், நீர் இவற்றின் மின்சாரம் இருந்தால் மட்டுமே இந்த மின்கலத்துக்கு அர்த்தம் உண்டு.

இந்தத் துறைக்கென்றே ஒரு கோயில் நம் தமிழ்நாட்டில் இருப்பதைச் சொல்லாமல் விட முடியாது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிக்ரி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். காஸ்டிக் சோடா கலங்களில் தேய்ந்துகொண்டே வந்த கிராஃபைட் மின்முனைக்குப் பதிலாக டைட்டானியத்தால் ஆன மின்முனையை நம் நாட்டுக்கு உருவாக்கிக் கொடுத்தது அந்த நிலையம். நேற்று குளோரினுக்காகச் செய்த அதே வேலை, நல்ல மின்முனையைத் தேடும் வேலை, இன்று கரியமில வாயுவுக்காக உலகெங்கும் நடக்கிறது.

தடைகள் என்ன? சாதாரண வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராம் கரியமில வாயுதான் கரையும். ஆகையால் துளையுள்ள மின்முனை செய்து, வாயுவை வாயுவாகவே உள்ளே அனுப்புகிறார்கள். காரக் கரைசலில் அந்த வாயு பைகார்பனேட் உப்பாக மாறித் துளைகளை அடைத்துவிடுகிறது. போர்வெல் குழாயில் உப்புப் படிவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் ஓடுவது வேறு, தொழிற்சாலையில் வருஷக்கணக்கில் ஓடுவது வேறு.

முடியாத காரியம் என்று தள்ளிவிடவும் முடியாது. செவ்வாய்க் கிரகத்தின் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு. அங்கே இறங்கிய நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் மாக்ஸி என்ற சிறிய கருவி இருந்தது. சுமார் 800 டிகிரியில் வேலை செய்யும் திட மின்கலம் அது. 2021 ஏப்ரல் 20 அன்று முதல் ஓட்டத்தில் ஐந்து கிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் பிரித்தது. 2023-இல் பணி முடிந்தபோது மொத்தம் 122 கிராம். அளவு கொஞ்சம்தான், ஆனாலும் வேறொரு கிரகத்தில் நடந்த முதல் காரியம். நம் தூத்துக்குடியிலும் 2016-இல், ஒரு சோடா உப்பு ஆலை தன் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துத் தன் உற்பத்திக்கே பயன்படுத்தத் தொடங்கியது. அது மின்கலம் அல்ல. என்றாலும் புகையும் சரக்காகும் என்பதைக் காட்டிக் கொடுத்தது.

தமிழ்நாட்டில் காற்றாலை சீசனில் சில நேரம் மின்சாரம் மிஞ்சுகிறது. அதை வாங்கிக்கொள்ள இந்தக் கலங்கள் உதவலாம். ஆனால் சீசன் முடிந்ததும் கோடிக்கணக்கில் போட்ட இயந்திரம் சும்மா நின்றால் வட்டி கட்டுவது யார்? ஷெட்டில் நிற்கும் லாரிக்கு டியூ கட்டிய நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் லாரி நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "முடியுமுங்க. ஆனா வண்டியில முடியாது. புகை ஒரே இடத்துல கொட்டற ஆலையில, எரிக்காத கரண்டு மலிவாக் கிடைக்கற அன்னைக்கு முடியும்." அந்த நாளைக் கொண்டுவரும் வேலை நம் கல்லூரியில் இன்று வேதியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு உரியது. ஃபாரடே விதியைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மேட்டூரின் கணக்கும் அதில்தான் இருக்கிறது, உங்கள் காலத்துக் கணக்கும் அதில்தான் இருக்கிறது.