காவிரிப் படுகையில் நில ஆவணத் தரவுகளின் இடமாற்றம்

ஒரு வயல் யாருடையது, அதில் என்ன பயிர் நிற்கிறது என்பதைக் காட்டும் வருவாய்த்துறைப் பதிவுகள் நில ஆவணங்கள் எனப்படும். பெயர், தந்தை பெயர், சர்வே எண், பரப்பு ஆகியவற்றைக் கொண்டிருப்பதால் இவை ஒருவரின் தனிநபர் தரவுகளும் ஆகும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் இத்தரவுகள் கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்குப்பிள்ளையின் பதிவேட்டிலிருந்து கணினிக்கும், அங்கிருந்து பல இணையச் சேவைகளுக்கும் இடம் மாறியுள்ளன. ஆனால், பதிவில் இருந்த பெயர்கள் மட்டுமே இப்படிப் பயணித்தன.

கணக்குப்பிள்ளை காலம்

கிராமக் கணக்குகளுள் மூன்று முதன்மையானவை. 'அ' பதிவேடு ஒவ்வொரு சர்வே எண்ணின் தன்மையையும் தீர்வையையும் கூறும். சிட்டா ஒருவருக்குரிய நிலங்களைத் தொகுத்துக் காட்டும். அடங்கல், சூலை மாதம் தொடங்கும் ஒவ்வொரு பசலி ஆண்டிலும் குறுவை, சம்பா, தாளடி எனப் பயிர் விவரத்தைப் பதியும்.

இக்கணக்குகளைப் பெரும்பாலும் வழிவழியாக வந்த கர்ணங்கள் எழுதினர். 1980 நவம்பர் 14 அன்று எம். ஜி. ஆர். அரசு அவசரச் சட்டம் மூலம் இப்பதவிகளை ஒழித்தது. 1982-இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்றது. கணக்குகள் அரசு நியமித்த கிராம நிர்வாக அலுவலர்களிடம் சென்றன. நிலத் தரவு கண்ட முதல் பெரிய கைமாற்றம் இதுவே.

கணினிமயமாக்கம்

1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் பட்டாக்களைப் புதுப்பித்தது. பின்னர் நடந்த கணினிப் பதிவுக்கு இதுவே அடிப்படை. அதில் நேர்ந்த பெயர்ப் பிழையும் பரப்புப் பிழையும் கணினிக்குள்ளும் நுழைந்தன. தற்போது 'தமிழ் நிலம்' மென்பொருளில் இப்பதிவுகள் உள்ளன. பதிவுத்துறையின் 'ஸ்டார் 2.0' 2018-இல் நடைமுறைக்கு வந்தது. உட்பிரிவு தேவைப்படாத கிரயங்களில், பத்திரப் பதிவு விவரம் வருவாய்த்துறைக்கு இணையவழியே சென்று பட்டா மாறுகிறது.

சேவைக்குச் சேவை

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் விற்கச் சிட்டாவும் அடங்கலும் தேவை. பயிர்க் காப்பீட்டுக்கும் அடங்கல் தேவை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பி. எம். கிசான் திட்டத்திற்கு நிலப் பதிவு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் ஒத்திருக்க வேண்டும். நடுவண் அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்த எண்ணிம வேளாண்மை இயக்கம், உழவருக்குத் தனி அடையாள எண் வழங்கி இத்தரவுகளை இணைக்கிறது.

சிக்கல் இணைப்பில்தான் எழுகிறது. பட்டாவில் 'கோவிந்தசாமி மகன் முருகையன்' என்றிருப்பவர் ஆதாரில் 'கோ. முருகையன்' என இருக்கலாம். மனிதர் ஒருவரே என்பது ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பட்டா இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே இருந்தால், பேரன் முதலில் வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் பெற வேண்டும்.

பதிவில் இல்லாதவர்

படுகையில் கோயில், மடம், தனியார் நிலங்களைக் குத்தகைக்குப் பயிரிடுவோர் பலர். 1952-இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று அஞ்சிய உரிமையாளர்கள் வாய்மொழிக் குத்தகையையே விரும்பினர். எழுத்தில் இல்லாத குத்தகையைக் கணினி அறியாது. பி. எம். கிசான் உதவி நில உரிமையாளருக்கே உரியது. காப்பீடு குத்தகைதாரருக்கும் உண்டு. ஆனால் அதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும்.

சட்ட நிலை

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் தன் தரவைப் பெற்று வேறு சேவைக்கு மாற்றும் உரிமையை அதன் 20-ஆம் உறுப்பு அளிக்கிறது. இந்தியாவில் 2019 மசோதாவில் இவ்வுரிமை இருந்தது. 2023-இல் இயற்றப்பட்ட எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெறவில்லை. பிழையைத் திருத்தக் கோரும் உரிமை உண்டு. ஆனால் திருத்துவதற்கும் மாற்றுவதற்கும் முதலில் ஒரு பதிவு இருக்க வேண்டும். வாய்மொழிக் குத்தகைதாரருக்கு, 1969 சட்டம் தர முயன்ற அந்த ஒரு வரிப் பதிவே இன்றும் முதல் தேவையாக உள்ளது.