குறவஞ்சிக் காட்சியும் கிறித்தவர் கடவுட் கொள்கையும்

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே மேலகரம் என்னும் ஊர் உளது. திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் அவ்வூரினர். மதுரை முத்துவிசயரங்கச் சொக்கநாத நாயக்கர் (1706–1732) அவர்க்கு நிலம் வழங்கினார் என்பதும், அந்நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப் பெயர் பெற்றது என்பதும் பலரும் அறிந்தவை. அந்நூல் வகுத்த நெறியில், நெல்லைச் சீமையிற் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாத்திரியார் (1774–1864) பெத்தலகேம் குறவஞ்சி இயற்றினார். இவ்விரு நூல்களையும் ஒப்புநோக்குவோர் பெரும்பாலும் சந்தத்தையும், மலைவளம் கூறும் திறத்தையும், சிங்கன் சிங்கியர் உரையாடலையும் எடுத்துக்காட்டி அமைவர். நாம் ஈண்டு ஆராயப் புகுவது வேறொன்று. குறவஞ்சிக்கு உயிர்நிலை தலைவன் பவனி. தலைவி அவனைக் கண்ணாற் கண்டாலன்றிக் காதல் இல்லை. காதல் இல்லையேற் குறியும் இல்லை. கட்புலனாகாத கடவுளைத் தொழும் சமயத்தார்க்கு இத்துறை எங்ஙனம் பொருந்தும்?

குற்றாலத்தில் இவ்வினா எழுவதற்கே இடமில்லை. சைவ நூலார் இறைவனுக்கு அருவம், உருவம், அருவுருவம் என மூன்று நிலை கூறுவர். கருவறையில் இலிங்கம் அருவுருவம். தெருவில் எழுந்தருளும் திருமேனி உருவம். தலமரமான குறும்பலாவும் இறைவன் வடிவாகவே கொள்ளப்பட்டது. ஞானசம்பந்தர் அதற்கெனத் தனிப் பதிகமே பாடினார். கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் குற்றாலத்துச் சித்திரசபையில் ஆடல் செப்புத் திருமேனியாக அன்றி ஓவியமாகவே வழிபடப்படுகிறது. மரமும் சுவரும் இறைவனைக் காட்டும் ஓரூரில், பந்தாடி நின்ற வசந்தவல்லி விடைமேல் வருவோனைக் கண்டு மயங்கினாள் எனப் புலவர் பாடியதில் வியப்பில்லை.

எனினும் கவிராயர் காட்சியை அத்துணை எளிதாக விட்டுவிடவில்லை. பவனி காண வந்த மகளிர் வருவோன் யாவன் எனத் தம்முள் வழக்கிடுகின்றனர். முந்நூல் கண்டு பிரமன் என்கின்றனர் சிலர். பிரமனாயின் அரவம் ஏது, சங்கம் ஏது என மறுக்கின்றனர் வேறு சிலர். திருமால் என்பார்க்கும் அவ்வாறே மேனியின் அடையாளம் காட்டி மறுப்புக் கூறப்படுகிறது. முடிவில் திரிகூடத்துச் சிவனே எனத் தெளிகின்றனர். ஐயம் பிறப்பது உருவத்தால்; அது தீர்வதும் உருவத்தாலேயே. இதனை வாசகர் நினைவிற் கொள்க.

கிறித்தவ மறையில் இந்நிலை இல்லை. யாக்கோபு கடவுளை முகமுகமாய்க் கண்டதாகக் கூறுகிறான். ஏசாயா உயர்ந்த அரியணையில் ஆண்டவரைக் காண்கிறான். ஆனால் யாத்திராகமம் 33ஆம் அதிகாரத்தில், தம் முகத்தைக் காணும் மனிதன் உயிர்வாழான் என மோசேக்குக் கூறப்படுகிறது. பின்புறம் காணும் பேறு மட்டுமே அவனுக்குக் கிட்டுகிறது. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரமோ, கடவுளை ஒருவரும் ஒருகாலும் கண்டதில்லை என்றும், மகனே அவரை வெளிப்படுத்தினார் என்றும் கூறுகிறது. இம்முரணைத் தீர்க்கச் சமயச் சான்றோர் பெரிதும் முயன்றனர். முற்காலத்தார்க்குத் தோன்றியவர் மகனே என்றார் 2ஆம் நூற்றாண்டினரான யுஸ்தீன். அகஸ்தீன் (354–430) இதனை அப்படியே ஏற்கவில்லை. கடவுளின் இயல்பு கட்புலனாகாது, தோன்றியவை படைக்கப்பட்ட வடிவங்களே என்பது அவர் துணிபு. 787இல் கூடிய இரண்டாம் நிக்கேயா சங்கம் திருவுருவ வணக்கத்தை ஏற்றது. வாக்கு ஊனுடல் எடுத்தது, ஆதலால் வரையத்தகும் என்பது உருவங்களைப் போற்றினோர் கொண்ட காரணம். தமிழகத்தில் வீரமாமுனிவர் (1680–1747) கோணான்குப்பத்தில் அன்னை மரியைப் பெரியநாயகியாக எழுந்தருளச் செய்தது இம்மரபைச் சார்ந்ததே.

சாத்திரியார் வளர்ந்த சபை வேறு. அவரைச் சிறுவயதில் தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்த்த சுவார்ச்சு ஐயர் லூத்தர் நெறியினர். சீர்திருத்தச் சபையார் அனைவரும் உருவங்களை வெறுத்தனர் எனப் பலர் எண்ணுவர், அது பிழை. 1522இல் விட்டன்பர்க்கு நகரில் உருவங்களை வலிந்து அகற்றிய செயலை லூத்தரே கண்டித்தார். அவருடைய ஞானோபதேசத்தில் உருவ விலக்கு தனிக் கட்டளையாக எண்ணப்படுவதும் இல்லை. ஆங்கிலச் சபையாரே அதனை இரண்டாம் கட்டளையாக எண்ணுவர். ஆயினும் சாத்திரியார்க்குத் தெருவில் எழுந்தருளுவிக்க ஒரு திருமேனியும் இல்லை, தேரும் இல்லை. இரண்டாம் சரபோசி மன்னரின் தஞ்சையிலோ பெருவுடையாரின் திருவிழாக்கள் கண்முன் நிகழ்ந்தன. அவற்றின் நடுவே ஒருவர் உலாப் பாடுவதாயின், அது வெறும் சொல்லாய் முடியுமோ என்னும் ஐயம் எழுந்தே தீரும்.

அவ்வையத்திற்கு நூலின் பெயரிலேயே விடை உளது என்பது எமது கருத்து. குறவஞ்சித் தலைவனுக்கு ஊர் வேண்டும்; ஊர் இல்லாத தலைவனுக்குத் தெருவும் இல்லை, பவனியும் இல்லை. எங்கும் நிறைந்த கடவுளுக்கு ஊர் ஏது? விண்ணுலகைச் சாத்திரியார் ஊராக்கவில்லை. கோயில் விளங்கிய எருசலேமையும் பெயராக்கவில்லை. கடவுள் குழந்தையாய்ப் பிறந்த சிற்றூரைத் தேர்ந்து, தலைவனைப் பெத்தலகேம் நாதர் என்றார். பிறப்பினாலன்றோ ஒருவர்க்கு ஊர் உண்டாகிறது! நிக்கேயாவில் உருவம் வரைதற்குக் கூறப்பட்ட காரணமே ஈண்டு உலாப் பாடுதற்குக் காரணமாகிறது. தூரிகைக்கு உரிய உரிமையை இவர் யாழிற்குப் பெற்றுத் தந்தார் எனலாம்.

குற்றால மகளிரின் வழக்கை இவ்விடத்தில் மீண்டும் நோக்குவோம். இயேசு எருசலேமுள் கழுதைமேல் நுழைந்தபோது நகரத்தார் கலங்கி, இவர் யார் என வினவினர் என்கிறது மத்தேயு 21ஆம் அதிகாரம். வினா ஒன்றே, விடைக்கு வழி வேறு. நெற்றிக்கண் இல்லை, விடைக்கொடி இல்லை. வருவோன் தச்சனின் மகனாகவே தோன்றுகிறான். அழகும் தோற்றமும் இலன் என ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் கூறப்பட்டவனை இயேசுவாகவே கிறித்தவர் கொள்வர். குற்றாலத்தில் மேனி கடவுளைக் காட்டுகிறது; பெத்தலகேமிலோ காட்டும் மேனியே மறைக்கவும் செய்கிறது. கண்டார் எல்லாரும் காதல் கொள்ளவில்லை என்பதனால், சீயோன் குமாரியாகிய தேவமோகினியின் காதல் கண்ணின் செயல் மட்டும் அன்று என்பது பெறப்படும்.

தேவமோகினி திருச்சபைக்கு உருவகம் என்பர். சிங்கன் பிடிக்கும் பறவைகளையும் மீட்கப்படும் ஆன்மாக்களாகக் கொள்வர். இவ்வுருவகங்களை விரித்துரைத்தலோடு பலர் நின்றுவிடுகின்றனர். எமக்கு அதனினும் கதையின் அமைப்பே பெரிதாகத் தோன்றுகிறது. குறவஞ்சியில் காட்சி தொடக்கத்தில் ஒருமுறை நிகழ்வது. பவனி கடந்தபின் தலைவிக்கு எஞ்சுவன நிலவைப் பழித்தலும் தோழியை இரத்தலுமே. பின்னர்க் குறத்தி வந்து கையைப் பார்த்து, கண்டவன் இன்னான், அவன் உன்னைச் சேர்வான் எனக் குறி சொல்கிறாள். கிறித்தவரின் நிலையும் இதுவே: முதல் நூற்றாண்டில் சிலர் கண்டனர், காணாதார் பலர் சொற்கேட்டு நம்பினர், மீள வருவார் எனக் காத்திருக்கின்றனர். கூடலை மேடையிற் காட்டாது குறியளவில் நிறுத்தும் இத்துறையைச் சாத்திரியார் மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை. வசந்தவல்லியேனும் அடுத்த திருவிழாவில் குற்றாலநாதரைத் தெருவில் மீண்டும் காணலாம். தேவமோகினிக்குக் குறத்தியின் சொல் ஒன்றே துணை.